பார்க் சார்

தமிழ்நாட்டில் ஒரு பூங்காவைப் பெற்றுப்போடுவது சட்டம். வளர்த்து ஆளாக்குவது ஓய்வூதியம். சட்டத்தின் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரிக்கிற எவரும், சாலைகள் போக மிஞ்சிய நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதற்கு ஓ.எஸ்.ஆர். நிலம் என்று பெயர். மழை பெய்தால் முதலில் நிரம்புகிற, மனை பார்க்க வந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத மூலைதான் பெரும்பாலும் அந்தப் பத்தில் ஒன்றாக வந்து வாய்க்கும்.

அங்கே ஒரு நாள் சுற்றுச்சுவர் எழும்பும். இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், எட்டு நடை நடக்க ஒரு பாதை, மஞ்சளும் நீலமுமாய் உடற்பயிற்சிக் கருவிகள், பளபளக்கும் கருங்கல்லில் வரிசையாகப் பெயர்கள் பொறித்த கல்வெட்டு. திறப்பு விழா முடிந்து ஆறு மாதத்தில் ஊஞ்சலில் சங்கிலி மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். புல் காய்ந்துபோய், அந்த இடத்தில் பார்த்தீனியம் இடுப்பளவுக்கு நிற்கும். தண்ணீர் தேவைப்படாத கல்வெட்டு மட்டும் செழிப்பாக இருக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் பார்க் சார் அவதரிக்கிறார்.

அவருக்கு இயற்பெயர் ஒன்று உண்டு. அது குடும்ப அட்டையில் இருக்கிறது, புழக்கத்தில் இல்லை. வங்கியிலோ மின்வாரியத்திலோ ரயில்வேயிலோ தணிக்கைப் பக்கம் இருந்தவர். அடுத்தவர் எழுதிய கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பதற்காகவே மாதாமாதம் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்றதும் அந்தத் திறமையைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். பருப்பு டப்பாவில் தேதி எழுதி ஒட்டினார். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று நாட்காட்டியில் குறித்தார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த வீட்டம்மா, “ஏங்க, காலையில அப்படியே கொஞ்சம் காலாற நடந்துட்டு வரலாம்ல?” என்றார். கல்வெட்டில் பெயர் பொறிப்பதாக இருந்தால் இந்த அம்மாளின் பெயரைத்தான் பொறிக்க வேண்டும்.

நடக்கப் போன இடத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். சொட்டுகிற குழாயைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்து போகத் தெரிந்த மனிதராக அவர் பிறந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. மறுநாள் ஸ்பேனரோடு வந்தார். அதற்கு மறுநாள் களைக்கொத்தி. மூன்றாம் மாதம் பம்ப் அறையின் இன்னொரு சாவி அவர் கைக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. அந்தச் சாவி இடுப்பில் ஏறிய நாளிலிருந்து பூங்காவில் அவர் நிலை, கொத்துச்சாவி வாங்கிய மூத்த மருமகளின் நிலைதான். பேச்சுத் தோரணையே மாறிவிட்டது.

அவரைத் தொலைவிலேயே கண்டுகொள்ளலாம். அலுவலகம் போன காலத்துக் கட்டம் போட்ட சட்டை. அதன் பையில் பேனா இருந்த இடத்தில் கிளை வெட்டும் செக்கேட்டர். முட்டி வரை மடித்த பேன்ட். கழுத்தில் விசில். இந்த விசிலை எந்த அரசாணையும் அவருக்கு வழங்கவில்லை என்றாலும், ஊதினால் எல்லாரும் நிற்கிறார்கள். ஒருமுறை வெளியே போய்க்கொண்டிருந்த ஆட்டோகூட நின்றது.

அவருடைய இலக்கியப் பணி பலகைகளில் விரிகிறது. முதல் பலகை, ‘இது உங்கள் பூங்கா’. அதற்குக் கீழே, உங்கள் பூங்காவில் நீங்கள் என்னென்ன செய்யக் கூடாது என்ற பட்டியல் தரையைத் தொடுகிறது. புல் மேல் நடக்கக் கூடாது. பந்து கூடாது. பத்து வயதுக்கு மேல் ஊஞ்சல் கூடாது. உட்கார்ந்து பேசலாம், அரசியல் கூடாது. கடைசி விதி நடைமுறைக்கு வந்திருந்தால் காலை நேரத்தில் பூங்காவில் குயில் ஒன்றுதான் பேசிக்கொண்டிருக்கும். வரவில்லை.

பலகைகளில் தொடர்கதையாக வளர்ந்தது பூப்பறிப்பு விவகாரம். முதலில் ‘பூக்களைப் பறிக்காதீர்’. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் தொடர்ந்து காணாமல் போகவே, ‘பூஜைக்காகவும் பறிக்காதீர்’. விடியற்காலை ஐந்து மணிக்கு பிளாஸ்டிக் பையோடு வந்த பக்தர் ஒருவர் கையும் மொட்டுமாகப் பிடிபட்டார்.

“சாமிக்குத்தான் சார்.”

“செடி தண்ணியில்லாம வாடினப்ப சாமி எங்க இருந்தாரு?”

“நீங்க ஊத்திடுவீங்கன்னுதான் சார் நிம்மதியா இருந்தாரு.”

இதற்குப் பதில் இல்லை. ஆனால் தணிக்கையாளர் தோற்பதில்லை. வேலி ஓரம் முழுக்கக் காகிதப்பூவை நட்டுவிட்டார். எந்தச் சாமிக்கும் காகிதப்பூவை யாரும் சாத்துவதில்லை. இன்று எங்கள் பூங்கா கண்ணைப் பறிக்கிற ஊதா நிறத்தில் நிற்பதற்கு அழகுணர்ச்சி காரணமல்ல என்பதை வருங்கால ஆய்வாளர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

மரங்களில் ஆணியடித்துத் தொங்கும் விளம்பரங்கள் மீது அவருக்கு இருக்கும் கோபம் தனி ரகம். மரத்தில் ஆணியடித்தால் 25,000 ரூபாய் வரை அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2019இல் அறிவித்தது. அறிவிப்பு ஆணிகளின் காதில் விழவில்லை. இவர் குறடோடு புறப்பட்டார். பிடுங்கிய ஆணிகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாட்சியாக இருக்கின்றன. அதோடு விடாமல், விளம்பரத்தில் இருக்கும் எண்ணுக்கே போன் போடுவார். “ஹலோ, டியூஷன் சென்டர் சார். எந்தக் கிளாஸ் படிக்கிறாங்க?” என்று எதிர்முனை குழையும். “படிக்க வேண்டியது நீங்கதான். வாங்க, புங்கமரத்தடியில நான் எடுக்கிறேன்” என்பார்.

மரம் என்று வந்துவிட்டால் சாரிடம் மாட்டாமல் தப்ப வழியில்லை. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது அழகுக்காக நட்ட குல்மோகர்களும் பெருங்கொன்றைகளும் தெருத்தெருவாகச் சாய்ந்து கிடந்தன. அன்றிலிருந்து அவர் நாட்டு மரக் கட்சி. புங்கை, வேம்பு, பூவரசு, நாவல், மகிழம், இலுப்பை என்று அவர் பட்டியல் சொல்லும்போது கூட்டணிக்கு இடம் பிரிப்பதுபோல் இருக்கும். ஒப்பந்ததாரர் வேலியோரம் வரிசையாக வைத்துவிட்டுப் போன வெளிநாட்டு மரமான கோனோகார்ப்பஸை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை. அதை நடக்கூடாதென்று குஜராத் அரசு 2023இல் தடை போட்டதை, மார்னிங் வாக்கிங் வருகிறவர்களிடம் அவர் நிறுத்திச் சொல்கிறார். மூச்சு வாங்க நின்றவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். அதனாலேயே பலர் இப்போது மூச்சு வாங்காமல் நடக்கப் பழகியிருக்கிறார்கள்.

ஜூன் 5 அவருக்குத் துக்க நாள். உலகச் சுற்றுச்சூழல் தினம் ஜூன் 5இல் வருவதற்குக் காரணம், 1972இல் அந்தத் தேதியில் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கியதுதான். அது ஸ்வீடனில் இதமான காலம். சென்னையில் அக்னி நட்சத்திரம் முடிந்தும் முடியாமலும் மண் தணலாகக் கிடக்கும் காலம். நமக்குப் பெருமழை அக்டோபருக்கு மேல்தான். ஆனால் தேதி தேதிதானே! பேனரும் தொப்பியும் பனியனுமாக ஒரு கூட்டம் வேனில் வந்து இறங்கும். ஒரு கன்றுக்குப் பதினைந்து பேர் கை கொடுத்து நடுவார்கள். கன்றுக்கு மூச்சுத் திணறும். படம் எடுத்ததும் வேன் போய்விடும். அந்தக் கன்று அடுத்த ஐந்து மாதமும் இந்த ஒரு மனிதரின் ஹோஸை நம்பித்தான் உயிர் வாழ வேண்டும். “நடுறதுக்குப் பதினஞ்சு பேர், நனைக்கிறதுக்கு ஒருத்தர்” என்று புலம்புவார். அவர் புலம்பல்களில் நான் மறுப்பே சொல்லாமல் கேட்பது இது ஒன்றைத்தான்.

அரசாங்கத்தோடு அவருடைய உறவு மனு வழியானது. ‘மேற்படி பூங்காவில் உள்ள மேற்படி மோட்டார்’ என்று தொடங்கினால் நகல் வார்டு அலுவலகத்தில் தொடங்கிக் கோட்டை வரை போகும். மாநகராட்சியின் 1913 எண்ணில் போனை எடுப்பவர்களை அவருக்குக் குரலை வைத்தே தெரியும். அவர்களுக்கும் இவரைத் தெரியும் என்பதால் இருபுறமும் நலம் விசாரித்த பிறகே புகார். ஒருமுறை மின்விளக்கு எரியவில்லை என்று எழுதினார். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. இரவு எட்டு மணிக்குப் போய்ப் பூங்காவைப் படம் எடுத்து அனுப்பினார். படம் முழுக்கக் கன்னங்கரேல் என்று இருந்தது. ‘இணைப்பு: பூங்காவின் தற்போதைய தோற்றம்’ என்று கீழே எழுதியிருந்தார். மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது.

வாட்ஸ்அப் குழுவும் உண்டு. ‘நாளை காலை 6 மணிக்குக் களை எடுக்க வாருங்கள்’ என்று அவர் போட்டால் கூப்பிய கைகளாக வந்து குவியும். குழுவில் கைகளுக்குப் பஞ்சமே இல்லை. கூப்பியபடியே இருப்பதால் மண்வெட்டி பிடிக்க வராது, அவ்வளவுதான். காலையில் வருகிறவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் சொத்து வரி பற்றிச் சந்தேகம் கேட்க வந்தவர்.

பார்க் மேடம் என்றும் ஒருவர் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். அவரிடம் விசில் இல்லை, பழைய பெயின்ட் வாளி இருக்கிறது. அவர் வந்து போனதே தெரியாது. அவர் வந்துபோன பகுதியில் குப்பை இல்லாததை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ந்த இலையைக் கொளுத்தாமல் உரக்குழியில் போட்டு, சாணக் கரைசல் தெளித்து, மூன்று நாலு மாதத்தில் கறுப்பாக உதிரும் உரமாக்கியவர் அவர். பெஞ்சுக்கு உபயம் எழுத ஆள் கிடைத்தார்கள்; உரக்குழிக்கு உபயம் எழுத இதுவரை யாரும் முன்வரவில்லை.

சாரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒப்பந்தத் தோட்டப் பணியாளரை அவர் நடத்துகிற விதம். அந்த அம்மா விழுப்புரம் பக்கம் நிலத்தில் நாற்று நட்டு வளர்ந்தவர். அவருக்கு இவர் களைக்கொத்தி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். “சரிங்க சார்” என்று கேட்டுக்கொண்டு, சார் திரும்பியதும் சரியான முறையில் கொத்துகிறார் அந்த அம்மா. கூலி வாங்கிச் செய்தால் அலட்சியம், வாங்காமல் செய்தால் தியாகம் என்று ஒரு கணக்கு தன்னார்வலர்கள் மனதில் ஓடுகிறது. கனமான பெஞ்சை நகர்த்த வேண்டும் என்றால் மட்டும் தியாகம் ஒதுங்கி நின்று அலட்சியத்தைக் கூப்பிடும்.

மற்றபடி, பூங்காவைக் காப்பாற்றுவது பசுமை மீதான பாசம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பாசக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து “என்ன காத்து, என்ன காத்து!” என்று ரசித்துவிட்டு ஆறரைக்குக் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். குழாயைத் திருகுவது எரிச்சல்தான். ஒன்று அதன் இடத்தில் இல்லாவிட்டால் தூக்கம் வராத அந்தப் பிறவி எரிச்சல். மயிலாப்பூர் நாகேசுவர ராவ் பூங்காவை ஒரு நிதி நிறுவனம் பராமரிப்பதுபோன்ற யோகம் எல்லாப் பூங்காவுக்கும் அடிப்பதில்லை. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த நிலம் இன்று மரப் பூங்காவாக நிற்கிறது என்றால், ‘நிழல்’ அமைப்பின் தன்னார்வலர்கள் வருடக்கணக்கில் அங்கே போய்க் குனிந்ததுதான் காரணம். அவர்களில் எத்தனை பேர் விசில் வைத்திருந்தார்கள் என்று கேட்க ஆசை.

உங்கள் பேட்டையிலும் ஒரு பார்க் சார் இருப்பார். அடுத்த முறை அவர் விசில் ஊதினால் முகத்தைச் சுளிக்காதீர்கள். ‘உங்க சேவை ரொம்பப் பெரிசு சார்’ என்று கும்பிடவும் வேண்டாம். அது குழுவிலேயே நிறைய இருக்கிறது. போய் ஹோஸின் மறுமுனையைப் பிடியுங்கள். பிடிக்கிற விதம் தப்பு என்பார். பிடித்துக்கொண்டே இருங்கள். மழைக்கு முன்னால் நாவலும் புங்கையும் நடக் குழி எடுத்தாக வேண்டும், ஆள் போதவில்லை. காலை ஆறு மணி. கடப்பாரை அவரே கொடுப்பார்.