வெட்ட மனம் வராத துணி

க்வில்ட்காரம்மாவிடம் வயதைக் கேட்கலாம், எடையைக்கூடக் கேட்கலாம். "இவ்வளவு துணியையும் எப்போது தைத்து முடிக்கப்போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் கோபம் வராது. அலமாரியைத் திறப்பார். நீல வரிசையின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, "இதைப் பாருங்கள்" என்பார். பார்க்க வேண்டும். தொட்டும் பார்க்க வேண்டும். பிறகு மடிப்புக் கலையாமல் அதை இருந்த இடத்திலேயே செருகிவிட்டுக் கதவைச் சாத்துவார். கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று.

மிசௌரி, கென்டக்கி, ஓஹையோ என்று அமெரிக்காவின் எந்தச் சிற்றூரிலும் இவரைக் காணலாம். வயது அறுபதை ஒட்டியிருக்கும். கழுத்தில் அளவு டேப் தொங்கும். ஸ்வெட்டரில் நாலைந்து நிறங்களில் நூல் துணுக்குகள் ஒட்டியிருக்கும். தேவாலயத்துக்குப் போகும்போதும் இருக்கும். அவர் செய்யும் சாமான் என்னவோ எளிமையானதுதான். துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த முகப்பு மேலே, பஞ்சுத் தகடு நடுவே, அடித்துணி கீழே. மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஓட்டுத்தையல் போட்டால் க்வில்ட். குளிருக்குப் போர்த்திக்கொள்ளலாம். ஒழுங்காக இருக்கும் துணியைப் பொடிப்பொடியாக வெட்டி, அப்புறம் அதையே மறுபடி ஒன்றாகத் தைப்பானேன் என்று அவருடைய மாப்பிள்ளை ஒருமுறை கேட்டாராம். அந்த மாப்பிள்ளைக்கு இன்னும் க்வில்ட் கிடைத்தபாடில்லை.

உண்மையில் இவருக்குப் பொழுதுபோக்கு ஒன்றல்ல, இரண்டு. துணி வாங்குவது ஒன்று, க்வில்ட் தைப்பது இன்னொன்று. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று வெளியே சொல்லிக்கொள்கிறார்.

வாங்கும் கலையை வளர்த்துவிட்டவர்கள் கடைக்காரர்கள். கால் கெஜம் கேட்டால் 9 அங்குல அகலத்தில் நீளமாக ஒரு பட்டை வெட்டிக் கொடுப்பதுதான் பழைய வழக்கம். அதில் பெரிய பூ ஒன்று முழுசாக விழாது. அதனால் அரை கெஜத்தை வெட்டி, அதை நடுவில் இரண்டாக்கி, 18க்கு 22 அங்குலத் துண்டாகத் தர ஆரம்பித்தார்கள். பெயர் ஃபேட் குவார்ட்டர். பரப்பளவு அதே கால் கெஜம்தான். ஆனால் சதுரமாக மடித்து, நாடா கட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் கூடையில் அடுக்கிவிட்டால் போதும். கெஜம் 12, 13 டாலர் என்ற அட்டையைப் பார்த்தால் க்வில்ட்காரம்மா கொஞ்சம் யோசிப்பார். உள்ளங்கையில் அடங்கும் துண்டு 4 டாலர் என்றால் யோசிக்க மாட்டார், எட்டு எடுப்பார். எட்டும் சேர்ந்து இரண்டே கெஜம் என்பதும், ஒரே துணியைக் கெஜமாக வாங்கியிருந்தால் காசு மிஞ்சியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. எட்டும் எட்டு டிசைன் அல்லவா!

இதோடு நிற்கவில்லை. இரண்டரை அங்குலப் பட்டைகளைச் சுருட்டிக் கட்டினால் ஜெல்லி ரோல். பத்து அங்குலச் சதுரங்களை அடுக்கினால் லேயர் கேக். சர்க்கரையைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடம், "போன வாரம் இரண்டு ஜெல்லி ரோலும் ஒரு லேயர் கேக்கும்தான்" என்று இவர் சொன்னால் டாக்டர் பயந்துபோவார்.

வாங்கிய துணியை வீட்டுக்குள் கொண்டுவருவது தனி வித்தை. பை கார் டிக்கியிலேயே இரண்டு நாள் ஊறும். கணவர் கால்பந்து பார்க்கும் நேரமாகப் பார்த்து, சலவைக் கூடையின் அடியில் பயணம் செய்து, தையல் அறைக்குள் சேரும். அங்கே காமிக்ஸ் புத்தகம் சேகரிப்பவர்கள் இதழ் மடங்காமல் இருக்கப் பின்னால் வைக்கும் அட்டைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அந்த அட்டையில் துணியைச் சுற்றிக் குத்தவாக்கில் நிறுத்திவிட்டால், கடை அலமாரி தோற்றுவிடும். என்றைக்காவது கணவர் எட்டிப் பார்த்து, "இது புதுசா?" என்பார். "இதுவா? இது எவ்வளவோ நாளாக இருக்கிறதே" என்று பதில் வரும். செவ்வாய்க்கிழமையிலிருந்து இருப்பதும் ஒரு வகையில் எவ்வளவோ நாள்தான்.

அந்தக் கணவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்கள் அவருடைய தாத்தாவை நினைத்துக்கொள்ள வேண்டும். 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் மாவும் கோழித் தீவனமும் பருத்திப் பையில்தான் வந்தன. பையைப் பிரித்து வீட்டில் ஜாக்கெட், கவுன், க்வில்ட் எல்லாம் தைக்கிறார்கள் என்று கண்டுகொண்ட ஆலைக்காரர்கள், பையிலேயே பூப்போட்ட டிசைன்களை அச்சடிக்கத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். ஒரு கவுனுக்குக் குறைந்தது மூன்று பை ஒரே டிசைனில் வேண்டும். விவசாயி தீவனம் வாங்கப் புறப்படும்போது மனைவி ஒரு துண்டுத் துணியைக் கையில் கொடுத்து, "இதே மாதிரி" என்று அனுப்பிவைப்பாள். வேண்டிய டிசைன் எப்போதும் அடுக்கின் அடியில்தான் இருக்கும். மேலே இருக்கும் நூறு பவுண்டு மூட்டைகளை இறக்கி வைத்து, அடிமூட்டையை உருவி, மறுபடி ஏற்றி வைக்க வேண்டும். கோழிக்கு எந்தத் தீவனம் பிடிக்கும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

துணிப் பித்து அதற்கும் பழசு. நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணியின் சிவப்பும் நீலமும் துவைத்தாலும் போகாதவை என்று கண்டபின் இங்கிலாந்துப் பெண்களை வேறு துணி பக்கம் திருப்ப முடியவில்லை. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழ, 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதற்கும் வீட்டு அலங்காரத்துக்குப் பயன்படுத்துவதற்கும் தடைபோட்டுப் பாராளுமன்றமே சட்டம் இயற்றியது. ஆசையைச் சட்டம் என்ன செய்யும்? சீட்டி கிடைத்தவர்கள் அதிலிருந்த பூவையும் பறவையையும் மட்டும் நுணுக்கமாகக் கத்தரித்து, வெள்ளைத் துணியில் பரவலாக வைத்துத் தைத்து க்வில்ட் ஆக்கும் முறை அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகி, அமெரிக்காவுக்கும் போயிற்று. கொஞ்சத் துணியை நிறையப் படுக்கைக்குக் காட்டும் சாமர்த்தியம் அது. இன்றைய க்வில்ட்காரம்மாவின் சாமர்த்தியம் நிறையத் துணியைக் கொஞ்சமாகக் காட்டுவது.

தைக்கவே மாட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. தைக்க உட்கார்ந்தால் ஆள் மாறிவிடுவார். 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த சுழல் கத்தி இவர் கையில் இருக்கிறது. பிளேடு சக்கரமாக இருக்கும். ஸ்கேலை அழுத்திப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் நாலைந்து அடுக்குத் துணி ஒரே நேரத்தில் அறுபடும். அதற்கு முன் அட்டையில் அளவு வெட்டி, பென்சிலால் கோடு போட்டு, கத்தரித்து என்று பாட்டிமார்கள் ஒரு மாதம் செய்ததை இவர் ஒரு மத்தியானத்தில் முடிப்பார். மிச்சமாகும் நேரத்தில் கடைக்குப் போவார்.

தையலின் ஓரம் கால் அங்குலம். இதில் சமரசம் இல்லை. ஒவ்வொரு தையலிலும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் பிசகினால், இணைக்கும் இரண்டு துண்டிலும் சேர்த்து எட்டே தையலில் ஒரு அங்குலம் காணாமல் போயிருக்கும்; முனைகள் சேராது; பறக்கும் வாத்து வடிவத்தில் வாத்துக்கு மூக்கு இருக்காது. அதனால் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் எந்திரத் தட்டில் ஒரு டேப் ஒட்டி, அதை ஒட்டியே துணியை ஓட்டுவார். பழைய க்வில்ட்களில் கடவுள் ஒருவரே குறையற்றவர் என்பதற்காக வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள் க்வில்ட் வரலாறு படித்தவர்கள். க்வில்ட்காரம்மாவைப் பொறுத்தவரை பிழையைத் தேடிப் போய் வைக்க வேண்டிய நிலை அவருக்கு வந்ததே இல்லை.

வீட்டில் ஒரே ஒரு தெய்வ சாமான் உண்டு: துணி வெட்டும் கத்தரிக்கோல். அதன் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். அதை எடுத்து யாராவது காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும். பேரன் ஒருமுறை பீட்சா உறையைப் பிரிப்பதற்கு எடுத்துவிட்டான். அந்தச் சம்பவத்தைக் குடும்பத்தில் இன்றும் தணிந்த குரலில்தான் பேசுகிறார்கள்.

முடிக்காத வேலைகளை (அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட்) இவர்கள் யூ.எஃப்.ஓ. என்பார்கள், பறக்கும் தட்டுக்குச் சொல்வதுபோலவே. ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், மேலே தேதி இல்லாத லேபிளோடு இருக்கும். மகனுடைய கல்யாணத்துக்கென்று வளையங்கள் பின்னிப் பிணையும் 'இரட்டைத் திருமண மோதிரம்' டிசைனில் ஒன்று தொடங்கினார். வளைவுத் தையல் என்பதால் மெதுவாகப் போயிற்று. கல்யாணமும் விவாகரத்தும் அதைவிட வேகமாக முடிந்துவிட்டன. டப்பா பத்திரமாக இருக்கிறது. மகனுக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. முகப்பு தைத்து முடித்துவிட்டாலும் மூன்றடுக்கையும் சேர்த்துத் தைப்பது பெரிய வேலை. அதற்கென்றே மேசை அளவு நீண்ட எந்திரம் வைத்திருக்கிறவரிடம் கொடுத்தால் அவர் முடித்துத் தருவார், வரிசையில் சில மாதம் காத்திருக்க வேண்டும். இதற்குச் செக் புத்தகத்தால் க்வில்ட் செய்வது என்று பெயர். அடுத்தவர் செய்தால்தான் இந்தப் பெயர்.

இப்படிப்பட்டவர்களுக்குத் திருத்தலங்களும் உண்டு. கென்டக்கி மாநிலத்தின் படூக்கா ஊரில் சுமார் 27,000 பேர்தான். 1991இல் அங்கே திறந்த அருங்காட்சியகம் இன்று தேசிய க்வில்ட் அருங்காட்சியகம். வசந்தத்தில் க்வில்ட் வாரம் நடக்கும்போது ஊருக்குள் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கண்காட்சியில் க்வில்ட்டைத் தொடக் கூடாது. பின்பக்கத் தையலைப் பார்க்க வேண்டுமானால் வெள்ளைக் கையுறை போட்ட தொண்டர் ஒருவர் ஓரத்தைத் தூக்கிக் காட்டுவார். க்வில்ட்காரம்மா குனிந்து பார்த்து, "ம்" என்பார். அந்த ஒற்றை 'ம்'மில் தையல் ஒரே சீராக இல்லை என்ற தீர்ப்பு அடங்கியிருக்கும்.

மிசௌரியில் ஹாமில்டன் என்று இன்னொரு ஊர். இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 2008இல் ஜென்னி டோன் என்ற அம்மையாருக்கு அவருடைய பிள்ளைகள் ஒரு க்வில்ட் எந்திரமும் ஒரு கட்டடமும் வாங்கிக் கொடுத்தார்கள். அவர் யூடியூபில் தைக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். விளைவு, பாழடைந்து கிடந்த கடைத்தெருவில் வரிசையாகத் துணிக்கடைகள். பண்டிகைத் துணிக்கு ஒரு கடை, பழைய பாணித் துணிக்கு ஒரு கடை. கூட வரும் ஆண்கள் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கச் சாய்வு நாற்காலி போட்ட இடமும் தனியாக உண்டு. தெருவிலேயே மிகவும் அமைதியான இடம் அதுதான்.

இவ்வளவு துணியும் இல்லாமல் க்வில்ட் தைத்தவர்களை க்வில்ட்காரம்மா மறக்கவில்லை. அலபாமாவில் ஆற்று வளைவுக்குள் இருக்கும் ஜீஸ் பெண்ட் ஊரின் கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்து நைந்த ஜீன்ஸையும் சட்டையையும் கிழித்துத் தைத்தார்கள். பாக்கெட் இருந்த இடத்தில் மட்டும் வெளுக்காத நீலம் சதுரமாகத் தெரியும். 2002இல் அவை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006இல் தபால்தலையாகவும் வந்தன. அந்தத் தபால்தலைத் தாளைச் சட்டமிட்டுத் தன் அலமாரிக்கு மேல் மாட்டியிருக்கிறார் இவர். அலமாரிக்குள் கையிருப்பு அவர்கள் ஊருக்கே போதும். இதில் உள்ள முரண் அவருக்கு உறுத்தாமலா இருக்கும்? உறுத்தத்தான் செய்கிறது. உறுத்தும்போதெல்லாம் கிழிந்த ஜீன்ஸ் சேகரிக்கிறார். அதற்கும் ஓர் அலமாரி வந்துவிட்டது.

விற்பாரா என்றால் மாட்டார். பெரிய கட்டிலுக்கான க்வில்ட்டுக்கு அடித்துணியே ஏழெட்டு கெஜம். முகப்பு, பஞ்சு, நூல், மாதக்கணக்கில் உழைப்பு எல்லாம் சேர்த்து ஒரு விலை சொன்னால், கேட்கிறவர் கடையில் இதைவிட மலிவு என்பார். அதனால் சும்மா கொடுத்துவிடுவார். பேத்திக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு, போரிலிருந்து திரும்பிய சிப்பாய்க்கு. கொடுத்தபின் ஒரு பழக்கம் மட்டும் போகாது. அந்த வீட்டுக்கு ஏதாவது சாக்குச் சொல்லிப் போய், க்வில்ட் எங்கே இருக்கிறது என்று கண்ணால் துழாவுவார். நாய்ப் படுக்கையில் இருந்தால் அன்று காபி குடிக்க மாட்டார்.

இதில் அவருக்கு முன்னோடி உண்டு. ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், பைபிள் காட்சிகளைத் துணியில் வெட்டித் தைத்த ஒரு க்வில்ட்டை 1886 வாக்கில் ஒரு பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், முடியாது என்றுவிட்டார். சில ஆண்டுகளில் வறுமை வந்தது. 10 டாலர் கேட்டு, 5 டாலருக்குக் கொடுத்தார். அதன்பிறகு பலமுறை ஸ்மித்தின் வீட்டுக்குப் போய் க்வில்ட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அது இன்று ஸ்மித்சோனியனில் இருக்கிறது. க்வில்ட்காரம்மா வாஷிங்டன் போகும்போதெல்லாம் ஹாரியட்டுக்குப் பதிலாகத் தான் அதைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொள்வார். திரும்பும்போது கையில் பை இருக்கும்.

இத்தனை வருடச் சேமிப்பு இந்த ஆயுளில் தீராது என்று அவருக்கே தெரியும். வாழ்நாளுக்கு மிஞ்சிய கையிருப்பு என்று சொல்லிச் சிரிப்பது க்வில்ட் சங்கங்களில் வழக்கம்தான். அவருடைய கவலை தீராததைப் பற்றி அல்ல. விவரம் தெரியாத மகள் எல்லாவற்றையும் வாசலில் கொட்டி, பவுண்டு இவ்வளவு என்று எடைபோட்டு விற்றுவிடுவாளோ என்பதுதான். ஆகவே போன வருடம் உயிலோடு சேர்த்து ஒரு தாள் எழுதி வைத்துவிட்டார். நீல அலமாரி யாருக்கு, சீட்டித் துணி யாருக்கு, முடிக்காத மோதிர டப்பா யாருக்கு என்று சங்கத் தோழிகள் நால்வரின் பெயரும் அதில் தெளிவாக இருக்கிறது. நால்வரில் மூவருக்கு அவரைவிட வயது அதிகம்.