கடைக்குள் எட்டுக்கால்

கேள்வி: மளிகைக் கடையில் தினமும் ஒட்டடை அடிக்கிறேன். மறுநாளே வலை கட்டிவிடுகிறதே?
(கடைக்காரர், மணப்பாறை)

பதில்: போனது வலை, சிலந்தி பக்கத்து விரிசலில் பத்திரமாக இருக்கிறது. ஒட்டடைக் கம்பை ஓரமாக வைத்துவிட்டு வாக்குவம் கிளீனரை எடுங்கள். வலை, சிலந்தி, முட்டைப் பை மூன்றும் போய்விடும். முட்டைப் பையை விட்டால் வம்பு. சில இனங்களில் ஒரே பையில் நூற்றுக்கணக்கான முட்டைகள். உறிஞ்சிய குப்பையைக் கடைக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

கேள்வி: பூச்சி மருந்து அடித்தால் தொல்லை தீராதா?

பதில்: பருப்பும் அரிசியும் திறந்திருக்கும் இடத்தில் மருந்தா? கூடவே கூடாது. பலனும் குறைவு. கரப்பான் மருந்தில் உடம்பு உரச ஊர்ந்து, பிறகு காலையும் மீசையையும் வாயால் சுத்தம் செய்து விஷத்தை விழுங்கும். சிலந்தியோ உடம்பைத் தூக்கிக்கொண்டு கால் நுனியில் நடந்து தப்பிவிடும்.

கேள்வி: இத்தனை கடை இருக்க, என் கடைக்கு ஏன் வருகிறது?

பதில்: உங்கள் கடையில் அதற்குச் சாப்பாடு இருக்கிறது. பழைய அரிசி மூட்டையைத் தட்டிப் பாருங்கள், அந்துப்பூச்சி பறக்கும். முதலில் வந்த மூட்டையை முதலில் விற்றுவிடுங்கள். மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றி, பின்னால் துடைப்பம் போகும்படி சுவரைவிட்டுத் தள்ளி அடுக்குங்கள். காலி அட்டைப்பெட்டிகளை அன்றைக்கே எடைக்குப் போட்டுவிடுங்கள். வாசலுக்கு நேர் மேலே பளிச்சென்ற வெள்ளை விளக்கு இருந்தால் ஊர்ப் பூச்சியெல்லாம் அங்கே கூடும், பின்னாலேயே சிலந்தி. மஞ்சள் ஒளி விளக்காக மாற்றி, வாசலை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். ஷட்டருக்குக் கீழே வெளிச்சம் தெரிகிற இடைவெளியில் பிரஷ் பட்டை பொருத்துங்கள். சிலந்தி அதிகமென்றால் பூச்சி அதிகம். அதை விட்டுவிட்டுச் சிலந்தியை விரட்டிப் பயனில்லை.

கேள்வி: எலுமிச்சை எண்ணெய், புதினா எண்ணெய்?

பதில்: 2018இல் வெளியான ஓர் ஆய்வில் எலுமிச்சை எண்ணெய் தோற்றது, புதினா எண்ணெய் சில இனங்களை ஒதுங்க வைத்தது. மணம் போனதும் திரும்பி வரலாம். டீத்தூள் பக்கத்தில் மட்டும் தெளிக்காதீர்கள், டீயெல்லாம் புதினா மணக்கும்.

கேள்வி: பிளக்கில் செருகும் அல்ட்ராசோனிக் கருவி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001இலேயே, இவற்றைத் தயாரித்தும் விற்றும் வந்த 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம், சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று எச்சரித்தது. அந்தப் பணத்தில் பிரஷ் பட்டை வாங்குங்கள்.

கேள்வி: குடோனில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று ஓடுகிறது. பையன்கள் அலறுகிறார்கள். அடித்துவிடட்டுமா?

பதில்: அடிக்காதீர்கள்! பெரும்பாலும் அது வலை கட்டாமல் ஓடிப் பிடிக்கும் வேட்டைச் சிலந்தி. கரப்பான்தான் அதற்கு விருந்து. கடித்தால் வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. வயிற்றுக்கு அடியில் தட்டையான வெள்ளை வட்டம் தெரிந்தால், அம்மா முட்டையைச் சுமக்கிறாள். டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, பின்பக்க மரத்தடியில் விடுங்கள். பிறகு குடோனில் கரப்பானைத் தேடுங்கள்.