மழை பேஞ்சா பேர் இல்ல, தாயி

வா தாயி, உக்காரு. பசியாறிட்டியா? கோப்பி இருக்கு, ரொட்டி இருக்கு. நாவல் எழுதுறியாமே, உங்கம்மா சொன்னா. காதல், குடும்பம், நட்பு மூணும் இருக்குமாம். நல்லது. மூணையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டினா அடி பிடிக்கும், பாத்துக்க.

எழுதினதைப் படிச்சுக் காட்டினியே, காது குளுந்துபோச்சு. நடுவுல கொஞ்சம் கண்ணு அசந்துட்டேன். 76 வயசு, அதுக்கு உன் எழுத்து மட்டும் பொறுப்பில்ல. கேட்ட வரைக்கும் சொல்றேன். முதல் அத்தியாயத்துல உன் கதாநாயகி மழையில நனையுறா. அவன் ஓடி வந்து கோட்டைக் கழட்டிப் போத்துறான். ரெண்டு பேரும் ஒரு மரத்தடியில ஒதுங்குறாங்க. என்ன மரம்னு கேட்டேன். ‘ரப்பர் மரம் பாட்டி, உங்க காலத்துக்கு மரியாதை’ன்னே.

மரியாதை இருக்கட்டும். மழை பேஞ்சா பால் மரம் வெட்ட முடியாது தெரியுமா? பட்டை நனைஞ்சுட்டா பால் வெட்டுக் கோட்டுல ஓடாது. மரத்து மேல வழிஞ்சு நாசமாப் போவும், மங்குல பாதி தண்ணிதான் நிக்கும். விடியறதுக்கு முன்னாடி, பேர் கூப்பிடுற பெரட்டுல நின்னு வானத்தையே பாத்துக்கிட்டிருப்போம். தண்டல் ‘வீட்டுக்குப் போ’ன்னுட்டா அன்னிக்குப் பேர் இல்ல. பேர் இல்லன்னா சம்பளம் இல்ல. மழையைப் பாத்து நாங்களும் பெருமூச்சு விட்டோம் தாயி, அதுக்கு யாரும் கோட்டுக் கொண்டாரல. இந்த வேக்காட்டுல கோட்டுப் போட்டுக்கிட்டு எங்க லயத்துக்கு வந்த ஆம்பள ஒருத்தருதான். அவரு இன்சூரன்ஸ் விக்க வந்தாரு.

ரெண்டாம் அத்தியாயத்துல மின்மினி. கம்போங் குவாந்தான் ஆத்துல படகு, இருட்டு, கரையில பெரெம்பாங் மரம் பூராவும் மினுமினுன்னு பூச்சி, அவன் அவ கையைப் புடிக்கிறான். நானும் போயிருக்கேன், உங்க மாமா கூட்டிட்டுப் போனான். சின்னப் படகு. மிதவைச் சட்டை ஒண்ணு மாட்டி விட்டாங்க, மூச்சு விட முடியல. துடுப்புப் போட்ட மலாய்க்காரப் பெரியவரு, சத்தம் போடாதீங்க, லைட் அடிக்காதீங்கன்னாரு. கையைப் புடிக்கிறதா? எனக்கிருந்த ரெண்டு கையும் கொசு அடிக்கவே பத்தல.

திரும்பி வரும்போது அந்தப் பெரியவரு ஒண்ணு சொன்னாரு. ஒரே தாளத்துல மினுக்குறது அத்தனையும் ஆம்பளப் பூச்சியாம், பொண்ணுங்களைக் கவரத்தானாம். ஒரு மரத்துல ஆயிரம் பூச்சி, எல்லாத்துக்கும் ஒரே மினுக்கு. அட, இதுங்களை எங்கயோ பாத்திருக்கோமேன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டும்போது பொறி தட்டிச்சு. மாச நாவல் கதாநாயகனுங்க! ஆறடி உயரம், மில்லு முதலாளி, மூக்கு மேல கோவம், உள்ளுக்குள்ள சொக்கத் தங்கம். பேரு மட்டும் மாசாமாசம் மாறும்.

நையாண்டி பண்றேன்னு மூஞ்சியத் தூக்காத. அதைத் தின்னு வளந்தவதான் நானும். ராணிமுத்துங்குற மாச நாவல் 1969ல வர ஆரம்பிச்சுது. அது கடல் தாண்டி வந்து, டவுனு கடையில எறங்கி, கிராணி வீட்டம்மா படிச்சு, வாத்தியாரம்மா படிச்சு, எங்க ஆயாக் கொட்டகைக்கு வந்து சேரும்போது கடைசித் தாளு இருக்காது. யாரு கிழிச்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எனக்கு ஒரு ஆளு மேல சந்தேகம், அவ பேரப்புள்ளைங்க நல்லா இருக்கட்டும்.

நான் ஆறாம் வகுப்பு. நான் படிப்பேன், மத்தவங்க தொட்டிலை ஆட்டிக்கிட்டே கேப்பாங்க. லட்சுமின்னு ஒரு டாக்டரம்மா எழுதுவாங்க. தென்னாப்பிரிக்காவுல இருபது வருஷத்துக்கு மேல இருந்துட்டு ஊரு திரும்பினவங்க, 1984ல சாகித்திய அகாதமி பரிசு வாங்கினவங்க. டாக்டரு எழுதினா அழுகைக்கு மருந்தும் சேத்துக் குடுப்பாங்கன்னு நெனச்சோம். அழுகை மட்டும்தான் வந்துச்சு, ஆனா நல்ல அழுகை. அப்புறம் ரமணிசந்திரன். அந்தம்மா 150 நாவலுக்கு மேல எழுதிட்டாங்கன்னு நீதான் சொன்னே. அத்தனை கல்யாணம் பண்ணி வச்ச தரகரு நம்ம பக்கத்துல ஒருத்தரும் இல்ல.

கடைசித் தாளு இல்லாததால முடிவை நாங்களே கட்டிக்குவோம். ஒருத்தி கல்யாணத்தை முடிச்சு வைப்பா. இன்னொருத்தி மாமியாரைப் பாம்பு கடிக்க வைப்பா, அவளுக்கு அந்த மாசம் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு அதுலயே தெரிஞ்சுடும். பால் மரத்துல என் பக்கத்து நிரை வெட்டுற நிரைக்காரி மட்டும் எந்தக் கதையானாலும் ஒரே கேள்விதான் கேப்பா: ‘அந்தத் தோழிக்காரி என்னா ஆனா?’

நாங்க சிரிப்போம். தோழி என்ன ஆவா? கடுதாசி கொண்டு போவா, அழுதா கண்ணைத் தொடைப்பா, தாலி ஏறினதும் காணாமப் போயிடுவா. உன் கதையிலயும் அவதான் வர்றா. மைலோ கலக்கிக் குடுக்குறா, ‘அவன் உன்னை நெஜமாவே லவ் பண்றான்டி’ங்குறா, ஏழாம் அத்தியாயத்துல ஆஸ்திரேலியா போயிடுறா. அவளுக்குப் பேரு வைக்கவே உனக்கு நாலு பக்கம் ஆச்சு.

பல்கலைக்கழகத்துல இந்திய ஆய்வியல் துறையில படிச்சவ நீ, உனக்கு நான் சொல்லணுமா? நீதான் வந்து பெருமையாச் சொன்னே, இந்த மலாயா நாட்டோட முதல் தமிழ் நாவல் 1917ல வந்துச்சாம், வெங்கடரத்தினம்னு ஒருத்தரு எழுதினாராம், பேரு ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’. காதல்னு வந்துட்டாலே ஒரு ‘அல்லது’ வேணும்னு அந்த மனுசனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. அதே 1917லதான் நம்ம பத்தாங் பெர்சுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்துல, இந்த நாட்டுலயே முதல் தடவையா, விக்கிறதுக்குன்னு செம்பனை நட்டாங்களாம். (2007ல ஊருக்கு பெஸ்தாரி ஜெயான்னு பேரு மாத்தினாங்க. என் வாய்க்கு இன்னும் யாரும் சொல்லல.) பேரு தென்னமரம், நட்டது செம்பனை. குடும்பக் கதைக்கு இதை விடவா ஒரு ஆரம்பம் வேணும்?

நட்ட துரை ஆன்ரி ஃபொகொன்யேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு. அவரும் நாவல் எழுதினவருதானாம். ‘மலேசி’ன்னு எழுதி 1930ல பிரான்ஸ்ல கொன்கூர் பரிசு வாங்கினாராம், அங்க அதுதான் பெரிய பரிசாம். பாத்துக்க, நம்ம தோட்டத்துக் காட்டை வச்சுப் பாரீஸ்ல பரிசு வாங்கியாச்சு, நம்ம பாட்டிமாரு அப்ப மங்கு கழுவிக்கிட்டிருந்தாங்க. எழுபதுகள்ல தமிழ் நேசன் பத்திரிகையில நல்ல சிறுகதைக்கு ஒரு பவுன் பரிசுன்னு போட்டப்போ எங்க லயத்துல மூணு பேரு எழுத்தாளராயிட்டாங்க. ஒரு ஞாயித்துக்கிழமைக்கு மட்டும். பேனா புடிச்சவங்க எல்லாம் ஆம்பளைங்க. ஞாயித்துக்கிழமை துணி யாரு துவைக்கிறது?

எங்க லயத்துல இல்லன்னாலும், பொம்பளைங்களும் எழுதத்தான் செஞ்சாங்க. ந. மகேசுவரி, பாவை, க. பாக்கியம், நிர்மலா ராகவன்னு நீயே பேரு சொன்னே. படிச்சியான்னா ‘லைப்ரரில பாத்தேன் பாட்டி’ங்குறே. முதுகைப் பாத்திருப்பே.

ராணி மணிக்காவோட கதையை நீ சொன்னப்போ மட்டும் எனக்குத் தூக்கம் வரல. திரெங்கானுவுல பொறந்த பொண்ணு, 2002ல ‘தி ரைஸ் மதர்’னு இங்கிலீஷ்ல எழுதுச்சாம். சிலோன்ல ஒரு 14 வயசுப் புள்ள, பேரு லட்சுமி. மலாயாவுல பெரிய பணக்காரன்னு சொல்லிக் கட்டி வைக்கிறாங்க. குவாந்தானுக்கு வந்து பாத்தா (நம்ம கம்போங் இல்ல, பஹாங் பக்கம்) மாப்பிள்ளை சாதா கிராணி. தங்கக் கடியாரம் இரவல், காடி இரவல், எல்லாம் கூட்டாளியோடது. நீ அந்த லட்சுமிக்காக உச்சுக் கொட்டினே. என் புத்தி அந்தக் கூட்டாளிகிட்டப் போச்சு. கடியாரத்தைக் கழட்டிக் குடுத்தான் பாரு, அன்னிக்கு ராத்திரி அவன் பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லியிருப்பான்?

கூட்டாளின்னா அது லேசுப்பட்ட சங்கதி இல்ல, தாயி. உன் கதையில குடும்பத்துக்கு நீ போட்டிருக்கிறது ஒரு சாப்பாட்டு மேசை, சுத்தி ஆறு நாக்காலி. எங்களுக்கு மேசை ஏது? புக்கிட் மெலாவத்தி குரங்குகளைப் பாத்திருக்கியா? பெருசெல்லாம் சாம்பல், குட்டி மட்டும் ஆரஞ்சுக் கலரு. பெத்தவ யாரோ, மத்த பொம்பளக் குரங்கெல்லாம் மாத்தி மாத்தித் தூக்கி வச்சுக்கும். எங்க லயமும் அப்படித்தான். உங்கம்மாவுக்கு நான் குடுத்த பாலை விட என் நிரைக்காரி குடுத்தது ஜாஸ்தி. இதை உங்கம்மாகிட்ட கேக்காத, ஒத்துக்க மாட்டா.

அவ பேரைச் சொல்ல மாட்டேன், தோட்டத்துப் பேரையும் சொல்ல மாட்டேன். சொன்னா நீ நாவல்ல போட்டுடுவே, ரெண்டு குடும்பம் கோயில்ல மூஞ்சியத் திருப்பிக்கும். அவ நிரையும் என் நிரையும் பக்கம் பக்கம். காலையில நாலரைக்குக் கும்மிருட்டா இருக்கும். நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு உள்ள போயிட்டா வெளிச்சம் ஒரு மரத்துக்குத்தான். பன்னி இருக்கும், பாம்பு இருக்கும், சில நேரம் அதை விட மோசமா ரெண்டு கால்லயும் வரும். அதனால பத்துப் பதினைஞ்சு மரத்துக்கு ஒரு தடவை அவ ‘ஊ’ன்னு கூவுவா. நான் ‘ஊ’ன்னு திருப்பிக் கூவணும். கூவலைன்னா அடுத்த நிமிசம் உளியோட வந்து நிப்பா.

உங்கம்மாவை நான் சுமந்தப்போ எட்டாம் மாசம் வரைக்கும் வெட்டினேன். குனிஞ்சு வெட்டுற தாழ்ந்த கோட்டு மரமெல்லாம் நான் போறதுக்குள்ள வெட்டியிருக்கும். கேட்டா, ‘மோகினி வெட்டியிருக்கும்’பா. காண்டா வாளியையும் ஸ்டோர் வரைக்கும் அந்த மோகினிதான் தூக்குச்சு, முணுமுணுத்துக்கிட்டே.

அப்புறம் ஒரு கூட்டுக் காசு தகராறு. முப்பது வெள்ளி. நான் குடுத்தேங்குறேன், அவ வரலங்குறா. ரெண்டு வருஷம் பேச்சு இல்ல. குழாயடியில நான் வந்தா அவ வாளியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவா. அவ மக சடங்குக்கு நான் போகல, அவ தட்டு அனுப்பல. ஆனா காலையில இருட்டுல அவ ‘ஊ’ங்குறதும் நான் ‘ஊ’ங்குறதும் ஒரு நாளும் நிக்கல. சத்தத்துல கொஞ்சம் கோவம் இருக்கும், அவ்வளவுதான். உங்க தாத்தா என்கிட்டப் பேசாம இருந்த நாளெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல. இந்த ரெண்டு வருஷம் இருக்கு.

முப்பது வெள்ளி எங்க போச்சுன்னு பின்னாடி தெரிஞ்சுது. உங்க தாத்தாவைக் கேக்க முடியாது, கள்ளுக்கடையையும் இடிச்சுட்டாங்க.

ரப்பரை வெட்டிச் சாச்சுட்டு செம்பனை நட்டாங்க. தோட்டத்தைப் பிரிச்சப்போ அவ மகன் காப்பார்ல வீடு பாத்தான், நான் இந்தத் தாமானுக்கு வந்தேன். லோரியில சாமான் ஏத்தும்போது அவ அழல, நானும் அழல. ‘அந்தத் தோழிக்காரி என்னா ஆனா?’ன்னு கேட்டா. ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கல. லோரி டிரைவரு பயந்துட்டான்.

என்ன அப்படிப் பாக்குற? எழுதிக்க வேணாம், பேனாவை உள்ள வை. மில்லு முதலாளியே இருக்கட்டும், அவனுக்கு ஒரு நாலு பக்கம் குடுத்துக்க, பாவம்.

ராத்திரி இங்கயே படு. விடிகாலையில என் போன் ரெண்டு தடவை அடிச்சு நிக்கும், நீ பாட்டுக்கு ஓடி வந்து எடுத்துடாத. எடுத்தா அவளுக்குக் காசு போயிடும். நான் திருப்பி ரெண்டு அடி அடிப்பேன். நான் அடிக்க நேரமாச்சுன்னா மட்டும் எடுத்து, பாட்டி கக்கூஸ்ல இருக்கான்னு சொல்லு. இல்லாட்டி முட்டி வலியோட பஸ் ஏறிடுவா.