சுள்ளிக்கு ஒரு சீட்டு

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தோட்டத்துச் சுள்ளியைக் கொளுத்த அனுமதிக்கும் பருவம் ஜனவரி 15-இல் தொடங்கி மே 1-இல் முடிகிறது. போகியோ பெரும்பாலும் 13 அல்லது 14-இல் வந்து தொலைகிறது. சட்டம் எழுதியவர்களுக்கு நம் பஞ்சாங்கத்தின் மேல் என்ன கோபமோ!

முன்கூட்டியே திறந்துவிட்டாலும் பழைய பாயைக் கொளுத்த விடமாட்டார்கள். கிளை, புதர், சுள்ளி, அவ்வளவுதான். சருகு கூடாது, புல் கூடாது, வைக்கோல் கூடாது. அதாவது தீக்குச்சியைப் பார்த்ததுமே பற்றிக்கொள்கிற சாமான்களுக்கெல்லாம் தடை. எவ்வளவு ஊதினாலும் பற்றாத ஈரக் கொம்புக்கு அனுமதி. பாஸ்டன், கேம்பிரிட்ஜ், லோவெல் போன்ற நகரங்களில் அதற்கும் வழியில்லை. நாங்கள் இருப்பது அந்தப் பட்டியலில் சேராத சின்ன ஊர். புயலில் முறிந்த ஓக் கிளைகள் கொல்லையில் மலையாகக் கிடந்தன.

பேரனைப் பார்க்க அப்பா வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவர். 2018 போகியன்று புகையால் சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போன நாட்டிலிருந்து வந்தவராயிற்றே, "குச்சி கொளுத்த லைசென்சா?" என்று சிரிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ நெகிழ்ந்துவிட்டார்.

"பரவாயில்லடா. ஒழுங்கான ஊராத்தான் இருக்கு."

அனுமதி ஆன்லைனில் வந்ததில் மட்டும் அவருக்கு வருத்தம். கையெழுத்து இல்லை, ரப்பர் ஸ்டாம்ப் இல்லை. இது என்ன சர்டிபிகேட்? ஆனால் சீட்டு மட்டும் போதாது, கொளுத்துகிற அன்று காலையில் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து, காற்றும் வானிலையும் சரி என்று அவர்கள் சொன்ன பிறகே தொடங்கலாம் என்றதும் முகம் மலர்ந்தது. "அப்ப தினமும் உத்தரவு வாங்கணும்!"

அடுத்தது 75 அடி. நெருப்புக்கும் கட்டடங்களுக்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்க வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு அப்பா பனியில் இறங்கிவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து 75 அடி தள்ளினால் பக்கத்து வீட்டுக்காரரின் வீடு இடிக்கிறது. அங்கிருந்து தள்ளினால் எதிர்ப்பக்கத்து வீடு. புலப்படம் வரைந்து, எல்லை குறித்து, கடைசியில் கயிற்றுக் கட்டில் போடுகிற அளவுக்கு ஓர் இடத்தைச் சட்டப்படி கண்டுபிடித்தார். அங்கே பனி முழங்கால் வரை.

"ஏப்ரல்ல வெயில் வந்ததும் வெச்சுக்கலாமேப்பா" என்றேன். பேரன் தூங்கும் நேரத்தில் விதிகளை மனப்பாடம் செய்திருந்தார் மனிதர். ஏப்ரலில்தான் ஆபத்து: போன வருஷத்துப் புல் காய்ந்து கிடக்கும், புதுப் பச்சை வந்திருக்காது, காற்றும் சேர்ந்துகொள்ளும். தீ கைமீறிப் போனால் அணைத்த செலவை நம் தலையில் கட்டுவார்கள், அபராதம் தனி. பனி மூடிய தரைதான் பத்திரம். சரியான வாதம், ஆனால் பத்திரமான மாதமும் வெளியே நிற்க முடியாத மாதமும் ஒன்றாகவே இருப்பது யாருடைய சதி?

பத்து மணிக்குத்தான் தொடக்கம். மண்வெட்டி, வாரி, தண்ணீர்க் குழாய் மூன்றையும் அப்பா தணிக்கை செய்தார். குளிர்காலத்தில் குழாய் வெடிக்காமலிருக்க வெளிக்குழாயை மூடி வைத்திருப்போம். நிலவறைத் தொட்டியிலிருந்து ஹோஸை இழுத்து வந்தோம். காகிதம், அதன் மேல் விரல் தடிமன் குச்சிகள், அது பிடித்த பிறகு பெரியது என்று கொஞ்சம் கொஞ்சமாக. பக்கத்து வீட்டுக்காரர் பெருந்தன்மையோடு பெட்ரோல் கேனைத் தூக்கி வந்தார்.

"நோ சார். ரூல்," என்று அப்பா தடுத்துவிட்டார். அவர் கேனோடு திரும்பினார்.

பற்றிக்கொண்டது. முன்பக்கம் வெந்தது, முதுகு உறைந்தது; எந்தப் பக்கம் நகர்ந்தாலும் புகை பின்னாலேயே வந்தது. பெரியவர் ஒருவர் கடைசிவரை காவலிருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பதவியை அப்பா எனக்குத் தந்துவிட்டு, ஜன்னலுக்குப் பின்னால் காபியோடு மேற்பார்வை பார்த்தார்.

மூன்றரைக்கே ஜன்னலைத் தட்ட ஆரம்பித்தார். நாலு மணிக்குள் எல்லாம் அணைந்தாக வேண்டும். தண்ணீர் ஊற்றி, கங்குகளை வாரிப் பரப்பி, மறுபடியும் ஊற்றினேன். அவரே வந்து சாம்பலைக் கிளறி, கையுறையைக் கழற்றி உள்ளங்கையை மேலே காட்டி, "ம், சரி" என்ற பிறகுதான் நான் வீட்டுக்குள் வர முடிந்தது. குவியலில் கால்வாசிகூடக் குறையவில்லை.

ஊருக்குக் கிளம்புகிற வாரம், அனுமதிச் சீட்டை லேமினேட் செய்ய எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

"மே ஒண்ணாம் தேதியோட காலாவதியாகிற தாளுப்பா அது."

"அதனால என்ன? ஆடிட் வந்தா எதைக் காட்டுவே?"