சாதாவின் ரசிகர்

இங்கிலாந்தில் குளிர்காலத்துச் சனிக்கிழமை காலையில் ஏதாவது நகராட்சி மைதானத்துப் பக்கம் போனால் அவரைப் பார்த்துவிடலாம். ஒரு பக்கம் பையன்கள் கால்பந்து ஆடுவார்கள். பெற்றோர்கள் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டக் கத்துவார்கள். அவர் மட்டும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முக்காலியில் பூட்டிய தொலைநோக்கியை அடுத்த மைதானத்தின் மேல் திருப்பியிருப்பார். அங்கே ஈரப் புல்லும், புல்லில் நாற்பது ஐம்பது வெள்ளைப் பறவைகளும் தவிர வேறொன்றும் கிடையாது. உதைபட்ட பந்து உருண்டு வந்து அவர் பூட்ஸில் மோதும். "சார், பந்து!" என்று பையன்கள் அலறுவார்கள். அவர் கண்ணை எடுக்காமல் ஒரு விரலை உதட்டில் வைத்து "உஷ்" என்பார்.

இவர்தான் கடற்காக்கை ரசிகர்.

பறவை பார்ப்பது பிரிட்டனில் மரியாதையான பொழுதுபோக்கு. பறவைகளைக் காப்பதற்கான அவர்களுடைய ராயல் சங்கத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். ஆனால் எல்லா மரியாதையான இடங்களிலும் போல இங்கேயும் வரிசை உண்டு. கழுகு பார்க்கிறவர் ஸ்காட்லாந்து மலையில் நிற்பார். அவர் எடுத்த படம் காலண்டரில் வரும். ஆந்தை பார்க்கிறவரைப் பேரக்குழந்தைகளுக்குப் பிடிக்கும். பந்தியின் கடைசி இலையில் உட்கார்ந்திருப்பவர் கடற்காக்கைக்காரர். அவருடைய புண்ணியத் தலங்கள் மீன்பிடித் துறைமுகம், சாக்கடை கடலில் கலக்கும் வாய், ஊர்க் குப்பை கொட்டும் மேடு. தேம்ஸ் நதி கடலைச் சேரும் எஸ்ஸெக்ஸ் பக்கத்தில் பிட்ஸீ என்று ஒரு குப்பைமேடு. லண்டன்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசும் அந்தப் பெயரை இவர்கள் நாம் ராமேஸ்வரம் என்று சொல்கிற குரலில் சொல்வார்கள். அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மாலை யாராவது "வாரக்கடைசிக்கு எங்கே?" என்று விசாரித்தால், பொய் சொல்லத் தெரியாதவர் "குப்பைமேட்டுக்கு" என்பார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்தக் கடைசி இலையிலும் உள்வகுப்பு உண்டு என்பதுதான் விசேஷம். குப்பைமேட்டில் கூடும் பல்லாயிரம் பறவைகளில் பெரும்பாலான ரசிகர்கள் தேடுவது ஒரு காஸ்பியன் கடற்காக்கையை, அல்லது ஆர்க்டிக்கிலிருந்து வழிதப்பி வந்த ஏதாவது வெள்ளைச் சிறகியை. நம்மவர் தேடுவது லாரஸ் கேனஸ். 1758-இல் லின்னேயஸ் பெயர் வைத்த, ஆங்கிலத்திலேயே 'சாதா' என்று அடைமொழி ஒட்டிய கடற்காக்கை. பேர்போன ஓட்டலில் ஐந்து பக்க மெனு கார்டைப் பொறுமையாக வாசித்து முடித்து "ஒரு சாதா தோசை" என்று சொல்லும் ஆளைப் போன்றவர் இவர். சர்வர் "அவ்வளவுதானா?" என்று நிற்பார். அவ்வளவுதான்.

"அதன் கண்ணைப் பாருங்கள்" என்று நம்மைத் தொலைநோக்கிக்கு இழுப்பார். ஹெர்ரிங் என்ற இன்னொரு வகைக் கடற்காக்கைக்குக் கண் வெளிர் மஞ்சள். எப்போதும் யாரிடமோ கடன் வசூலிக்க வந்த பார்வை. சாதாவுக்குக் கருங்கண். தலை உருண்டை, அலகு மெல்லிசு, காலும் அலகும் பச்சை கலந்த மஞ்சள். பார்த்தால் சாதுவாகத்தான் தெரிகிறது. "எவ்வளவு சாந்தம்!" என்று அவர் உருகிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சாந்தஸ்வரூபி பாய்ந்து, பக்கத்தில் மேய்ந்த ஆள்காட்டிப் பறவை மண்ணிலிருந்து இழுத்த புழுவைப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. நான் அவரைப் பார்த்தேன். "பசி" என்றார்.

அவரிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்க முடியாத பாடம் காலடி நாட்டியம். மழை விட்ட புல்தரையில் பறவை ஓரிடத்தில் நிற்கும். தலை ஆடாது, உடம்பு ஆடாது. கால் இரண்டும் மட்டும் வலது இடது வலது இடது என்று மாறி மாறிப் படபடவென்று தரையைத் தட்டும். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து, தன் பாதத்தையே கூர்ந்து பார்க்கும். ஓரடி நகர்ந்து மறுபடி தட்டும். அதிர்வைக் கேட்டு மண்புழு மேலே வரும். மழை பெய்வதாக நினைத்து வருகிறது என்று ஒரு கட்சி. தோண்டிக்கொண்டு வரும் அகழெலிக்குப் பயந்து ஓடி வருகிறது என்று இன்னொரு கட்சி. எந்தக் காரணத்துக்காக வந்தாலும் புழுவுக்கு முடிவு ஒன்றுதான். இதை விளக்கும்போது நம்மவர் வெறும் வாயால் விளக்குவதில்லை. முழங்கால்வரை பூட்ஸ் போட்ட அறுபது வயதுக்காரர், கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கழுத்தை அசைக்காமல், சேற்றில் தட்டிக் காட்டுவார். நாயை நடத்திக்கொண்டு வந்த அம்மாள் ஒருவர் அன்று நாயைத் தூக்கிக்கொண்டு வேறு பாதையில் போனார்.

அவருக்கு உலகத்தின் மேல் சில மனத்தாங்கல்கள் உண்டு. இரண்டு 1973-ஆம் வருஷத்தைச் சேர்ந்தவை.

அந்த ஆண்டு நிக்கோ டின்பெர்கனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கடற்காக்கைகளோடு வருஷக்கணக்கில் கிடந்தவர். உலகத்துக்கு அவர் காட்டியவற்றில் பிரபலமானது, ஹெர்ரிங் கடற்காக்கையின் அலகிலுள்ள சிவப்புப் பொட்டைக் குஞ்சு கொத்தினால்தான் தாய் இரையைக் கக்கிக் கொடுக்கும் என்பது. சாதாவுக்கு அந்தப் பொட்டு கிடையாது. "பொட்டு வைத்துக்கொண்டவளுக்குத்தான் நோபல்வரை பேச்சு" என்று அவர் சொல்லவில்லை. ஆனால் முகம் அதைத்தான் சொல்கிறது.

இன்னொன்று ஆறாத புண். அதே 1973-இல் வேல்ஸில், ஸ்வான்ஸீ அருகே பிளாக்பில் கடற்கரையில், பிரிட்டனின் முதல் வளைய அலகுக் கடற்காக்கையைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கப் பறவை. உருவத்தில் ஏறக்குறைய நம் சாதாவேதான். முதுகு கொஞ்சம் வெளிறியது, அலகு தடித்தது, அதன் குறுக்கே தெளிவான கறுப்பு வளையம், கண் மஞ்சள். அதற்கப்புறம் பிரிட்டனில் ஒவ்வொரு சாதாவையும் நூறு பேர் நிறுத்தி வைத்துச் சோதித்தார்கள், அமெரிக்கனாக இருக்குமோ என்று. இல்லை என்று தெரிந்ததும் "ப்ச், சாதா" என்று தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த "ப்ச்"சை நம்மவர் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். யாராவது உற்சாகமாக ஓடி வந்து "வளைய அலகா பாருங்கள்!" என்றால், அவர் பார்த்துவிட்டு, ஆழ்ந்த திருப்தியுடன் "இல்லை" என்பார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்தச் சந்தர்ப்பங்களில்தான்.

மற்றபடி அவர் சண்டைக்காரர் இல்லை, சாம்பல் நிறத்தைப் பற்றிப் பேச்சு வராதவரை. கடற்காக்கைகளின் முதுகு சாம்பல். எந்தச் சாம்பல் என்பதில்தான் இனமும் கிளையினமும் பிரிகின்றன. புகைப்படக்காரர்களுக்காகக் கோடாக் கம்பெனி போட்ட ஒரு சாம்பல் அளவுகோல் உண்டு: வெள்ளைக்குப் பூஜ்யம், கறுப்புக்கு 19. கம்பெனி நினைத்தே பார்த்திராத காரியமாக, அதைப் பறவையின் முதுகுக்குப் பயன்படுத்துகிறார்கள். ரஷ்யாவிலிருந்து வரும் கிளையினம் இங்கிலாந்துச் சாதாவைவிட ஒரு சுற்று கறுப்பு. ஒரு நாள் வேலிக்கம்பத்தில் ஒரு பறவை தனியாக நின்றது. நம்மவர் ஓர் எண் சொன்னார். அவருடைய பழைய சிநேகிதர் அதைவிட அரை கூடச் சொன்னார். மேகம் வந்து சூரியனை மறைத்தது. இருவருடைய எண்ணும் மாறியது. மேகம் விலகியது, பழைய எண்ணுக்கு வந்தார்கள். பிளாஸ்க் டீ ஆறியது. பறவை இதற்குள் இரண்டு முறை இறகு கோதி, எச்சமிட்டு, பறந்தும் போய்விட்டது. பறவை இல்லாத வேலிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டே இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள்.

இதோடு வயது வேறு. ஹெர்ரிங் கடற்காக்கைக்கு முழு வேஷம் கட்ட நாலு வருஷம் ஆகும், சாதாவுக்கு மூன்று. ஒவ்வொரு வருஷமும் வேறு சட்டை: முதலில் உடம்பெல்லாம் பழுப்புச் செதில், அப்புறம் முதுகு சாம்பலாகி இறக்கை பழுப்பாகவே நிற்கும், வால் நுனியில் கறுப்புப் பட்டை. பி. ஜே. கிராண்ட் என்பவர் 1982-இல் இதையெல்லாம் படம் போட்டு விளக்கி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். நம்மவருடைய பிரதியில் அட்டை இல்லை. பக்கங்களில் மழை, சேறு, வெண்ணெய் எல்லாம் உண்டு. தன் மருமகப்பிள்ளைகளின் வயதைக் கேட்டால் விழிப்பார். நூறு கஜத்துக்கு அப்பால் தூங்கும் பறவைக்கு "இரண்டாவது குளிர்காலம்" என்று தயங்காமல் சொல்வார்.

கடற்கரை ஊர்களில் அவர் பாடு சங்கடம். அங்கே ஜனங்களுக்குக் கடற்காக்கை என்றால் சிப்ஸ் திருடன். 2007-இல் அபர்டீனில் ஒரு ஹெர்ரிங் கடற்காக்கை தினமும் கடைக்குள் நடந்தே போய், ஒரே ரக சோளச் சிப்ஸ் பாக்கெட்டைக் கவ்விக்கொண்டு நடந்தே வெளியே வந்து பெயர் வாங்கியது. 2019-இல் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கார்ன்வால் கடற்கரைகளில் சிப்ஸ் பையை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள்: ஆள் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தால் ஹெர்ரிங் கடற்காக்கை சராசரியாக 21 விநாடி தாமதித்தே நெருங்கியது. நாளிதழ்கள் இதைச் சிப்ஸ் காக்கும் உபாயமாகப் போட்டன. நம்மவருக்கு இதில் புதிதாக எதுவும் தோன்றவில்லை. அவர் வாழ்க்கை முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு சிப்ஸும் களவு போனதில்லை. வறுத்த மீனோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் "ஐயோ, அந்தச் சனியன்!" என்று கத்தும்போது, "மன்னிக்கணும், சாதா அப்படிச் செய்யாது, அது ஹெர்ரிங்" என்று பக்கத்துப் பெஞ்சிலிருந்து திருத்துவார். குழந்தை அழுதுகொண்டிருக்கும்.

நாம் சென்னையிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தால் போச்சு. "பல்லாஸ் கடற்காக்கை பார்த்திருப்பீர்களே! கோடைக்குத் தலை கன்னங்கரேல் என்று ஆகுமே!" என்று கையைப் பிடித்துக்கொள்வார். பழுப்புத்தலைக் கடற்காக்கை மத்திய ஆசியாவின் உயரமான ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு நம் கரைக்கு வருவதும், கோடியக்கரை, பழவேற்காடு என்ற ஊர்ப்பெயர்களும் அவருக்கு மனப்பாடம். 'ழ' மட்டும் வராது. என்னோடு வந்த நண்பர் மெரினாவில் பிறந்து வளர்ந்தவர். கொஞ்சம் யோசித்து, "சுண்டல் சாப்பிட்டிருக்கிறேன்" என்றார். நம்மவர் அவருடைய தோளை ஆதரவாகத் தட்டிக் கொடுத்தார்.

பெல்ஜியத்தில் டெ பன்னே என்ற கடற்கரை ஊரில் வருஷா வருஷம் கடற்காக்கை மாதிரி கத்தும் ஐரோப்பியப் போட்டி நடக்கிறது. மஞ்சள் அலகும் இறகும் மாட்டிக்கொண்டு வந்து கத்துகிறார்கள். குரலுக்குத்தான் பெரிய மதிப்பெண், பறவையைப் போல நடந்துகொள்வதற்கும் கொஞ்சம் உண்டு. 2024-இல் இங்கிலாந்திலிருந்து போன ஒன்பது வயதுப் பையன் சிறுவர் பிரிவில் ஜெயித்தான். கடற்காக்கையின் பெயரைக் காப்பாற்ற ஏற்பட்ட போட்டி என்பதால் நம்மவர் மகிழ்ந்திருக்க வேண்டும். "எல்லாரும் ஹெர்ரிங்கையே கத்துகிறார்கள்" என்று அலுத்துக்கொண்டார். சாதாவின் குரல் மெலிசு, பூனைக்குட்டி கூப்பிடுவது மாதிரி, மேடையில் எடுபடாது. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு எனக்கு மட்டும் கத்திக் காட்டினார். நன்றாகவே இருந்தது. சிக்னலில் பக்கத்தில் நின்ற கார்க்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது.

2024 செப்டம்பரில் பிரிட்டனின் பறவைச் சிவப்புப் பட்டியலில் இன்னும் சில கடற்பறவைகளைச் சேர்த்தபோது சாதாவும் சேர்ந்தது. கூடு கட்டும் பறவைகள் குறைந்துவிட்டன. குளிர்காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் பால்டிக் பக்கத்திலிருந்தும் கூட்டம் வந்து மைதானங்களை நிரப்பிவிடுவதால் ஊர்க்காரர்களுக்கு இது உறைக்காது. அன்று அவர் கொஞ்சம் வாடித்தான் இருந்தார். ஆனால் முன்பு "ப்ச்" கொட்டிய பேர்வழிகள் நாலைந்து பேர் கூப்பிட்டுச் சாதாவைப் பற்றி விசாரித்தார்களாம். அதைச் சொல்லும்போது குரலில் துக்கம் எவ்வளவு, பெருமிதம் எவ்வளவு என்று பிரிக்க ஒரு கோடாக் அட்டை தேவைப்பட்டது.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டும். அந்த நேரத்துக்குச் சுற்று வட்டாரத்துக் கடற்காக்கைகள் எல்லாம் இரவுத் தூக்கத்துக்கு நீர்த்தேக்கத்தில் வந்து இறங்கும். ஆயிரக்கணக்கில், வரிசை வரிசையாக. கரையில் ரசிகர்கள் முக்காலிகளோடு வரிசையாக நிற்பார்கள். நான் போயிருந்த அன்று யாரோ "காஸ்பியன்! மிதவைக்கு இடது பக்கம்!" என்று கத்தினார்கள். அத்தனை தொலைநோக்கியும் ஒரே திசையில் திரும்பின. பின்னால் நின்றவர்கள் முன்னால் ஓடினார்கள். தடித்த கோட்டுப் போட்ட ஒருவர் நம்மவருக்கு நேர் எதிரே வந்து நின்று, உணர்ச்சிவசப்பட்டு, "பார்த்தீர்களா? பார்த்தீர்களா? இந்த ஜில்லாவுக்கே இந்த வருஷம் இதுதான் முதல்!" என்றார்.

"ரொம்பச் சந்தோஷம்" என்றார் நம்மவர். "கொஞ்சம் தள்ளி நிற்கிறீர்களா? மறைக்கிறது."