பல்லப் புடிச்சுப் பாத்து வாங்குடே

வாடே பேராண்டி, திண்ணையில உக்காரு. கையில ஒண்ணு, பையில ஒண்ணு, தோள்ல ஒண்ணு. போன், டேப்லெட், லேப்டாப்பு. சீர்வரிசை தூக்கிட்டு வாரவன்கூட இம்புட்டுச் செமக்க மாட்டான். மூணுலயும் முக்காம மொனங்காம ஓடுத எழுத்துச் செயலி எதுன்னு ஆறு மாசமாத் தேடுதியாமே, உங்க ஆச்சி சொன்னா. ஆறு மாசத்துல செனை மாட்டுக்கு வயிறு தெரிஞ்சுரும். உன் நாவலுக்குத் தலைப்பு மட்டுந்தான் தெரியுது.

கோவிச்சுக்காத. உங்க தாத்தன் பட்டிக்காட்டான்தான். ஆனா கோவில்பட்டியில ஒரு அச்சாபீசுல ஈய எழுத்தப் பொறுக்கிக் கோத்தவன். கம்ப்யூட்டரு வந்ததும் அது முன்னாலயும் குத்தவச்சவன். நான் பாத்த கூத்த நீ பாத்திருக்க மாட்டே.

ஒரு நாளு கல்யாண வீட்டுக்காரர் ஒருத்தர் பத்திரிகைய அடிச்சு பிளாப்பியில போட்டுக் கொண்டாந்தாரு. பாமினி எழுத்துருவுல அடிச்சது. எங்க மெஷின்ல பாமினி கெடையாது. தொறந்தா, 'வணக்கம்' நிக்க வேண்டிய எடத்துல டி, இசட், எஃப், ஒரு அரைப்புள்ளி, மறுபடி எஃப், கே, இன்னொரு அரைப்புள்ளி. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சுப் பாத்துட்டு, 'அண்ணாச்சி, எங்க வகையறாவுல வெள்ளக்காரன் யாரும் கெடையாதே'ன்னாரு. அந்தக் காலத்து எழுத்துருவோட சூட்சுமம் அதுதாம்டே. உள்ள கெடக்குதது இங்கிலீசு எழுத்து, மேல மாட்டியிருக்கது தமிழ்ச் சட்டை. சட்டை இல்லாத மெஷின்ல அம்மணமா நிக்கும். இதுல ஆளுக்கொரு தையக்காரன் வேற. இத ஒழுங்கு பண்ணணும்னு 1999ல சென்னையில மாநாடு போட்டாக, தமிழ்99 விசைப்பலகை வந்துச்சு. 2010ல தமிழ்நாடு அரசு யூனிகோடு பக்கம் சாஞ்சுச்சு. யூனிகோடுல தமிழுக்குன்னு 128 வீட்டுத் தெரு இருக்கு. அதுல 72லதான் குடியிருக்காக. மிச்சம் பூட்டிக் கெடக்கு, நம்ம ஊரு தொகுப்பு வீடு மாதிரி.

'அதெல்லாம் பழைய கத தாத்தா, இப்ப எல்லாமே யூனிகோடு'ம்பே. இரு, அவசரப்படாத. எட்டயபுரம் சந்தைக்கு ஆடு வாங்கப் போனா பல்லப் பாப்போம், நாலு எட்டு நடக்க விட்டுப் பாப்போம், முதுகெலும்ப அழுத்திப் பாப்போம். நீ நட்சத்திரம் எத்தன குடுத்திருக்கான்னு பாத்துல்லா செயலிய எறக்குதே!

பல்லு பாக்க வழி சொல்லுதேன். போன்ல ஒரு பக்கம் அடி. அதுல ஔவையார் வரணும், ஸ்ரீவைகுண்டம் வரணும். லேப்டாப்புல போயி அந்தச் சொல்ல எல்லாம் தேடு. 'ஔ'ன்னு ஒத்த எழுத்தா அடிக்காம, 'ஒ' போட்டு பக்கத்துல 'ள' போட்டு ஒப்பேத்தியிருந்தா, கண்ணுக்கு ஔவையாரு. கம்ப்யூட்டருக்கு அது யாரோ. ஸ்ரீ இருக்கே, அது அதவிடக் கள்ளன். 2005ல 'ஶ'ன்னு ஒரு எழுத்தச் சேத்தாக. இப்ப 'ஸ'வுல தொடங்குத ஸ்ரீ ஒண்ணு, 'ஶ'வுல தொடங்குத ஶ்ரீ ஒண்ணு. பல எழுத்துருல ரெண்டும் ரெட்டப் பிள்ளைக மாதிரி ஒரே மூஞ்சி. போன் விசைப்பலகை ஒண்ணையும் லேப்டாப்பு விசைப்பலகை மத்ததையும் போட்டுச்சுன்னு வையி, உன் கதாநாயகி ஸ்ரீதேவி பாதி நாவல்ல காணாமப் போயிருவா. அதனால செயலிய மாத்துததுக்கு முன்னாடி மூணு கருவியிலயும் விசைப்பலகைய ஒண்ணாக்கு. ஆடு நல்ல ஆடா இருந்தாலும் கயிறு சரியில்லன்னா என்னடே பண்ண?

அடுத்தாப்புல பக்கக் கணக்கு. 'லேப்டாப்புல இருநூறு பக்கம் இருந்தது டேப்லெட்டுல இருநூத்திப் பதினாலு காட்டுதே'ன்னு மூக்கால அழுவே. விண்டோசுல நிர்மலா, ஆப்பிள்ல தமிழ் சங்கம், ஆண்ட்ராய்டுல நோட்டோ. வீட்டுக்கு வீடு எழுத்துரு வேற, ஒண்ணோட 'கௌ' இன்னொண்ணோட 'கௌ'வ விட அகலம். வரி மடங்கும், பக்கம் தள்ளும். எழுதி முடிக்கிற வரைக்கும் சொல்ல எண்ணு, பக்கத்த எண்ணாத. கடைசியில பிடிஎஃப் ஆக்கிட்டா எழுத்துருவும் உள்ளயே போயிரும், அப்புறம் எங்க தொறந்தாலும் ஒரே மொகந்தான்.

இனி தொழுவத்துக்கு வா. சில ஆடு சில தொழுவத்துலதான் நிக்கும். யுலிசீஸ்னு ஒரு செயலி, ஆப்பிள் வீட்ட விட்டு வெளிய வராது. ஸ்க்ரிவனரு மேக்குல இருக்கு, விண்டோசுல இருக்கு, ஐபோன்ல இருக்கு; ஆண்ட்ராய்டுக்குக் கெடையாது. உன் போன் என்ன? ஆண்ட்ராய்டு. அப்ப அத ஏம்டே மூணு வாரம் மொறச்சுப் பாத்துக்கிட்டு இருந்தே? கூகுள் டாக்ஸ் எங்க கட்டுனாலும் நிக்கும். ஆனா நம்ம ஊர்ல சிக்னல் கண்மாய்க் கரையிலதான். இணையம் இல்லாமலும் எழுதுதேன்னு அதுகிட்ட முன்கூட்டியே சொல்லி வைக்கணும், லேப்டாப்புல அதுக்குன்னு ஒரு சொடுக்கு இருக்கு. கண்மாய்க்குப் பைக்க எடுத்த பொறகு ஞாபகம் வந்து புண்ணியமில்ல. அப்சிடியன்னு ஒண்ணு இருக்கு, அது எழுத்தச் சாதா உரைக்கோப்பாவே உன் கருவியில போட்டு வைக்கும். எனக்கு அதுமேல ஒரு கண்ணு. மொகத்தப் பாத்தா கணக்குப்பிள்ள நோட்டு மாதிரி வறண்டு கெடக்கும். உனக்குப் புடிக்காது, உனக்குப் பூப்போட்டதுதானே வேணும்.

சண்ட எங்க வருதுன்னா, ரெண்டு கருவியில ஒரே அத்தியாயத்தத் திருத்துத எடத்துல. அண்ணனும் தம்பியும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம ராத்திரி ஒரே வாமடையத் தொறந்த கததான். லேப்டாப்புல இணையம் இல்லாம மூணு பத்தி திருத்துதே, மூடி வைக்கே. பஸ்ஸுல போன எடுத்து அதே மூணு பத்தியில வேற திருத்தம். ராத்திரி ரெண்டும் சந்திக்கும்போது, யோக்கியமான செயலி 'ரெண்டு பிரதி இருக்கு, எது வேணும்?'னு கேக்கும். இல்லன்னா பிந்தி வந்தது முந்தி வந்தத முழுங்கிரும். வாங்குததுக்கு முன்னாடி வேணும்னே இந்தச் சண்டைய மூட்டி விட்டுப் பாரு. சந்தையில ரெண்டு கெடாவ முட்ட விட்டுப் பாக்க மாட்டோமா, அந்த மாதிரி.

பத்தாயத்துச் சாவி யாருகிட்டன்னும் பாரு. கூகுள் டாக்ஸ் கோப்பு கம்ப்யூட்டர் கோப்புறையில முழுசாக் கெடக்க மாதிரி தெரியும். தொட்டா அது வெறும் விலாசச் சீட்டு, நெல்லு அவன் களஞ்சியத்துல. அதனால தப்புன்னு சொல்லல, மாசம் ஒரு தடவ அளந்து வீட்டுக்குக் கொண்டாந்துரு. வேர்டு கோப்பா எறக்கு, இல்ல லிப்ரே ஆபீசு தொறக்குத ஓடிஎஃப்பா எறக்கு. அது 2006லயே ஐஎஸ்ஓ முத்திரை வாங்குன வடிவம். எறக்கவே விடாத செயலின்னா, அது ஓசிக்குக் குடுத்தாலும் வாசப்படி ஏத்தாத.

ஜார்ஜ் மார்ட்டின்னு அமெரிக்காவுல ஒரு கதைக்காரரு. டாஸ் மெஷின்ல, அந்தக் காலத்து வேர்ட்ஸ்டார்ல அடிக்காராம். இணையமும் இல்ல, ஒத்திசைவுத் தொல்லையும் இல்ல. நம்ம அச்சாபீசு மெஷின எடைக்குப் போட்டமே, அந்த வயசுச் சரக்கு. ஆனா 2011ல அவரோட நாவல் வரிசையில அஞ்சாவது பாகம் வந்துச்சு, ஆறாவதுக்கு சனம் இன்னும் காத்துக் கெடக்கு. அதனால நீயும் பழைய மெஷினத் தேடி எடைக்கடைக்குக் கெளம்பிராத.

சரி, ஒண்ணு கேக்கேன், சிரிக்கப்படாது. அந்தத் தாய்மாமன் கத, அச்சாபீசுக் கத எல்லாத்தையும் நானும் அடிச்சுக்கிட்டு வாரேன். இந்தா, இந்தக் கீறல் விழுந்த போன்லதான். போனோட வந்த குறிப்புச் செயலி, வேற ஒண்ணும் கெடையாது. ஞாயித்துக்கெழம தோறும் மொத்தத்தையும் நகலெடுத்து எனக்கே மின்னஞ்சல் போட்டுருவேன். நூத்திப் பத்துப் பக்கம் ஆயிட்டு. பக்கம்னு சொல்லப்படாதோ? இப்பத்தானே உன்ன ஏசுனேன். கண்ணுதான் மங்கலு, இத்தினிக்கூண்டு தெரையில பிழை தெரிய மாட்டேங்கு. உனக்குத் தேடுததுக்குப் போனே போதும்லா? அந்த லேப்டாப்ப இங்கன வச்சுட்டுப் போ. சார்ஜரு எந்தப் பையில இருக்கு?