ஓம் சேர்

யாழ்ப்பாணத்து வகுப்பறைகளில் ஆகக்கூடக் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "விளங்கிச்சுதோ?" நாற்பது பிள்ளைகளும் ஒரே தொண்டையால் "ஓம் சேர்" என்பார்கள். விளங்கியதோ இல்லையோ, சேர் கரும்பலகையை அழித்துவிடுவார். பின்னேரம் ரியூசன் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் சேருக்கும். விளங்காதது அங்கே காசுக்கு விளங்கும்.

வினா எத்தனை வகைப்படும் என்று எங்கள் பிள்ளைகளை நித்திரையால் எழுப்பிக் கேளுங்கள். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. நன்னூல் சொன்ன வரிசை பிசகாது. விடையைத் தெரிந்துகொண்டே ஆசிரியர் கேட்பது அறிவினா. தெரியாததால் மாணவன் கேட்பது அறியாவினா. ஆறையும் பாடமாக்கு என்பார்கள். மாணவனுக்கென்று நூலே எழுதிவைத்த அந்த அறியாவினாவைப் பிள்ளை வாயால் கேட்டுவிட்டால் மண்டையில் குட்டு, அதிகப்பிரசங்கி என்று பட்டம். வினவுவதும் வினவியதற்கு விடை சொல்வதும் மடமையைப் போக்கும் என்று அதே நன்னூலின் பாயிரம் சொல்கிறது. எங்கள் ஆறுமுக நாவலர் அந்த நூலுக்குக் காண்டிகையுரையும் எழுதி வைத்தார். அவருடைய படத்துக்கு மாலை போடுவதில் மட்டும் நாங்கள் குறைவைப்பதில்லை.

நானும் ஒருநாள் கேட்டேன். புவியியல் பாடம். குடாநாட்டு நிலத்தடி நீர் எந்தப் பாறையில் நிற்கிறது? "சுண்ணக்கல், சேர்." வெரி குட். நான் எழும்பி, "அப்ப மேல ஊத்துறது எல்லாம் கிணத்துக்க போகாதோ, சேர்?" என்றேன்.

"உது சோதினைக்கு வராது. இரு."

இருந்தேன். நாங்கள் எல்லோரும் இருந்தோம். பிறகு சுன்னாகத்து மின் நிலையப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் அங்கிருந்த மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. சோதினைக்கு வராத கேள்வி கொழும்பில் வழக்காக வந்தது!

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குப் பத்து வயதுப் பிள்ளை மூட்டை மூட்டையாகக் கடந்தகால வினாத்தாள் செய்கிறது. அத்தனையும் மற்றவர்கள் கேட்ட கேள்விகள். வெட்டுப்புள்ளி தாண்டினால் மதிலில் படம். தாண்டாவிட்டால் தாய் வாசலில் அழுவாள். அந்தப் பிள்ளை தானாகக் கேட்ட கேள்வி ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பெண்மணி 1970களில் வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருந்தது கிட்டத்தட்ட ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக்கியபோது விடைகள் நீண்டன; பேசாப் பிள்ளைகள் பேசினார்கள்; தாங்களாகவே கேள்வியும் கேட்டார்கள். இதற்குக் கட்டடம் தேவையில்லை, கொழும்பிலிருந்து நிதி தேவையில்லை, ஸ்மார்ட் போர்ட்டும் தேவையில்லை. ஆனால் எங்கள் சேர் கேள்வியைக் கேட்டு, விடையையும் தானே சொல்லி, "எழுதுங்கோ" என்று முடிக்க அந்த ஒரு விநாடியே கூடிப்போகிறது.

சேர், நாளைக்கு "விளங்கிச்சுதோ" வேண்டாம். "ஏன் அப்பிடி?" என்று ஒரு பிள்ளையைக் கேளுங்கோ. கேட்டுப்போட்டு மூன்று விநாடிக்கு, இவ்வளவு காலமும் எங்களுக்குச் சொன்னீர்களே, அதைச் செய்யுங்கோ: வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ.